கணினி வரைபடத்தில் தலைப்புக் கட்டம்

முன்னுரை

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கழகத்துத் தம்பி தங்கைகள் கேட்டபோது, எனக்குக் கதையும் வராது, கவிதையும் வராது என்று தட்டிக்கழிக்கப் பார்த்தேன். “அண்ணா, உங்கள் வேலையைப் பற்றியே எழுதுங்கள். பொறியியல் படிக்கும் எங்களுக்கு அதுதான் உதவும்” என்றார்கள். மறுக்க வழியில்லாமல் போயிற்று.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். பட்டம் பெற்ற நாள் முதல் என் பிழைப்பு வரைபடங்களோடுதான். ஆகவே, நான் நாள்தோறும் தொடும் ஒரு சிறிய விஷயத்தை இங்கே பாடமாக எழுதுகிறேன். அதுதான் வரைபடத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும் ‘டைட்டல் புளோக்’. தமிழில் தலைப்புக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் பெயர், எண், அளவுவிகிதம், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி, திருத்த எழுத்து ஆகியவை இடம்பெறும் கட்டம் அது.

விரிவுரை வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்க மாட்டார்கள். படத்துக்கு மதிப்பெண் உண்டு, கட்டத்துக்குக் கிடையாது. அதனால்தான் நானும் அதை வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எப்படி மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது தாங்கிகள்

2004ஆம் ஆண்டு தொழிற்பயிற்சிக்காகப் பினாங்கில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்தேன். தொழிற்சாலைகளுக்கு வேண்டிய கன்வேயர் சட்டங்களை வடிவமைத்து, வெளிப் பட்டறைகளில் செய்து வாங்கித் தரும் நிறுவனம் அது. அங்கே மூத்த வரைவாளர் ஒருவர் இருந்தார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்தவர். டி-ஸ்குவேரும் மைப்பேனாவும் வைத்து வரைந்த காலத்திலிருந்து அந்தத் தொழிலில் இருப்பவர். எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் அழைப்போம்.

அவர் இரண்டு நாள் விடுப்பில் இருந்தபோது, ஒரு தாங்கியை வரைந்து உடனே பட்டறைக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. முதலாம் ஆண்டில் படித்த முறைப்படி படத்தை அழகாக வரைந்து முடித்தேன். தலைப்புக் கட்டம் வேண்டுமே! அண்ணன் வரைந்த பழைய படம் ஒன்றைத் திறந்து, அதன் மூலையிலிருந்த கட்டத்தை அப்படியே வெட்டி என் படத்தில் ஒட்டினேன். படத்தின் பெயரையும் எண்ணையும் தேதியையும் மாற்றினேன். மற்றவற்றை விட்டுவிட்டேன். மாலைக்குள் படம் பட்டறைக்குப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து 40 தாங்கிகள் வந்து இறங்கின. 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் செய்த நல்ல வேலைதான். ஆனால் ஒன்றுகூடச் சட்டத்தில் பொருந்தவில்லை. இடக்கைக் கையுறையை வலக்கையில் மாட்டப் பார்ப்பதுபோல் எல்லாம் தலைகீழாக இருந்தன.

பட்டறைக்காரர்மீது பிழை இல்லை. நான் முதற்கோண முறையில் வரைந்திருந்தேன். ஒட்டிய கட்டத்திலோ மூன்றாங்கோணக் குறியீடு இருந்தது. அவர் குறியீட்டைப் பார்த்து, அதன்படியே சரியாகச் செய்திருந்தார்.

அடுத்த நாள் மேலாளர் படத்தை மேசையில் விரித்து, ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அங்கே அண்ணனின் பெயரெழுத்துகள் இருந்தன. நான் மாற்றாமல் விட்டவற்றுள் அதுவும் ஒன்று. அண்ணன் படத்தைப் பார்த்தார். தம் கையால் வரைந்ததல்ல என்று பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்திருக்கும். “திரும்பச் செஞ்சு வாங்கிடலாம் சார்” என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

மதியம் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு மேலாளர் அறைக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். கிடைத்த திட்டு கொஞ்சமன்று. வெளியே வந்தபோது அண்ணன் தம் மேசைக்கு அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உட்காரு தம்பி. படத்தைத் தப்பாப் போட்டா அழிச்சுப் போடலாம். அந்த மூலையில இருக்கிறது ஆளோட பேரு. அடுத்தவன் பேரை வெட்டி ஒட்டாதே. கட்டத்தை எப்படிச் செய்யறதுன்னு காட்டறேன்.”

அன்று அவர் காட்டிய வழியோடு, பின்னர் நான் கற்றதையும் சேர்த்து இங்கே தருகிறேன். ஆட்டோகேட் மென்பொருளை வைத்தே விளக்குகிறேன். 1982இல் முதன்முதலாக வெளிவந்த இம்மென்பொருளை இன்றும் பல அலுவலகங்களில் காணலாம்.

படி 1: தாளும் ஓரமும்

முதலில் எந்தத் தாளில் அச்சிடப் போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். ஏ3 தாளை எடுத்துக்கொள்வோம். அதன் அளவு 420 × 297 மில்லிமீட்டர். ஐ.எஸ்.ஓ. 5457 தர விதிப்படி இடப்பக்கம் 20 மில்லிமீட்டரும் மற்ற மூன்று பக்கங்களில் 10 மில்லிமீட்டரும் ஓரம் விடுகிறோம். இடப்பக்க ஓரம் அகலமாக இருப்பது கோப்பில் துளையிட்டுச் சேர்ப்பதற்காக. ஆக, உள்ளே கிடைக்கும் சட்டகம் 390 × 277 மில்லிமீட்டர். சட்டகக் கோட்டின் தடிமன் 0.7 மில்லிமீட்டர்.

தலைப்புக் கட்டத்தைச் சட்டகத்தின் வலப்பக்கக் கீழ் மூலையில் வைக்கிறோம். ஐ.எஸ்.ஓ. 7200 அதன் அகலத்தை 180 மில்லிமீட்டர் என்று வகுத்துள்ளது. ஏன் 180? ஏ4 தாளின் அகலம் 210. அதில் 20ஐயும் 10ஐயும் கழித்துப் பாருங்கள். ஒரே கட்டம் ஏ4 முதல் ஏ0 வரை எல்லாத் தாள்களுக்கும் பொருந்தும். பெரிய தாளை முறையாக ஏ4 அளவுக்கு மடித்தால் கட்டம் முன்பக்கத்தில் வந்து நிற்கும். கட்டுக்குள்ளிருந்து ஒரு படத்தைத் தேடுபவர் அதை விரிக்காமலே அடையாளம் காணலாம்.

படி 2: எந்த வெளியில் வரைவது?

ஆட்டோகேட்டில் இரண்டு வெளிகள் உண்டு. ஒன்று ‘மோடல் ஸ்பேஸ்’; பொருளை அதன் உண்மை அளவில் வரையும் இடம். மற்றொன்று ‘பேப்பர் ஸ்பேஸ்’. அச்சிடப் போகும் தாள். ‘லேயவுட்’ என்ற பகுதியைச் சொடுக்கினால் இந்தத் தாள் தோன்றும்.

புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை, தலைப்புக் கட்டத்தை மோடல் ஸ்பேஸில் பொருளுக்கு அருகிலேயே வரைந்து, ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று பெரிதாக்குவது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு கணக்குப் போட வேண்டிவரும். எழுத்தின் உயரமும் படத்துக்குப் படம் மாறும்.

சரியான வழி இதுதான். பொருளை மோடல் ஸ்பேஸில் 1:1 அளவில் வரையுங்கள். கட்டத்தைப் பேப்பர் ஸ்பேஸில் 1:1 அளவில் வரையுங்கள். இரண்டையும் இணைக்க ‘வியூபோர்ட்’ எனப்படும் சாளரத்தைத் தாளில் திறந்து, 1:5, 1:10 என்று அளவுவிகிதத்தை அந்தச் சாளரத்துக்கு மட்டும் கொடுங்கள். சாளரத்தின் விளிம்பை அச்சிடாத ஓர் அடுக்கில் வைத்தால் தாளில் தேவையற்ற கோடு விழாது. ஆனால் தலைப்புக் கட்டத்தைத் தவறியும் ‘டெஃப்பாயின்ட்ஸ்’ என்ற அடுக்கில் வரைந்துவிடாதீர்கள். திரையில் தெரியும், அச்சில் வராது. பயிற்சிக் காலத்தில் நான் இதற்காக அரைநாள் அச்சுப்பொறியைச் சந்தேகித்திருக்கிறேன்.

படி 3: என்னென்ன கட்டங்கள்?

ஐ.எஸ்.ஓ. 7200இன் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு எட்டு விவரங்களைக் கட்டாயமாக்குகிறது: படத்தின் சட்டபூர்வ உரிமையாளர், அடையாள எண், வெளியிட்ட தேதி, தாள் எண், தலைப்பு, ஒப்புதல் அளித்தவர், உருவாக்கியவர், ஆவண வகை. இவற்றோடு திருத்த எழுத்து, அளவுவிகிதம், எறிய முறைக் குறியீடு ஆகியவற்றையும் கட்டத்திலோ அதன் அருகிலோ தருவது வழக்கம்.

எழுத்தின் உயரத்தைத் தலைப்புக்கு 3.5 மில்லிமீட்டர், மற்றவற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்ளலாம். அளவுவிகிதத்தை எழுதும்போது தாளின் அளவையும் சேர்த்து எழுதுங்கள். ஏ1 தாளுக்காக 1:50 என வரைந்த படத்தை யாரேனும் ஏ3 தாளில் சுருக்கி அச்சிட்டால், நீளங்கள் பாதியாகி அது 1:100 ஆகிவிடும். கட்டத்தில் மட்டும் 1:50 என்றே இருக்கும். ‘1:50, ஏ1 தாளில்’ என்று எழுதியிருந்தால் அளவுகோல் வைத்து அளப்பவர் ஏமாற மாட்டார்.

எறிய முறைக் குறியீடு என் கதைக்கே காரணமானது, அதையும் விளக்கிவிடுகிறேன். ஒரு பொருளின் முன்தோற்றம், பக்கத்தோற்றம், மேல்தோற்றம் ஆகியவற்றைத் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதற்கோண முறையில் இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றம் வலப்பக்கத்தில் வரும். மேல்தோற்றம் கீழே வரும். மூன்றாங்கோண முறையில் இடப்பக்கத் தோற்றம் இடப்பக்கத்திலேயே வரும். மேல்தோற்றம் மேலே வரும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் முதற்கோணம் வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாங்கோணம் வழக்கம். நம் நாட்டிலோ எல்லா நாட்டுத் தொழிற்சாலைகளும் இருப்பதால் இரண்டும் வரும்.

குறியீட்டில் நுனி வெட்டப்பட்ட ஒரு கூம்பும் அதன் பக்கத்தில் இரண்டு வட்டங்களும் இருக்கும். வட்டங்கள் கூம்பின் அகன்ற பக்கத்தை ஒட்டி இருந்தால் முதற்கோணம். குறுகிய பக்கத்தை ஒட்டி இருந்தால் மூன்றாங்கோணம். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்தச் சிறு குறியீட்டின் விலை எனக்கு 40 தாங்கிகள்.

படி 4: எழுத்தா, பண்புக்கூறா?

இப்பாடத்தின் மையம் இப்படிதான். கட்டத்தில் வரும் விவரங்கள் இரு வகை. ‘வரைந்தவர்’, ‘தேதி’ போன்ற மாறாத பெயர்களைச் சாதாரண எழுத்தாகவே எழுதலாம். அவற்றுக்கு எதிரே வரும் மாறும் விவரங்களைப் பண்புக்கூறாக, அதாவது ‘அட்ரிபியூட்’டாக அமைக்க வேண்டும்.

‘டிஃபைன் அட்ரிபியூட்ஸ்’ என்ற கட்டளையைத் திறந்தால் மூன்று இடங்கள் நிரப்பக் கேட்கும்.

‘டேக்’: அந்த விவரத்தின் உட்பெயர். இடைவெளி விடக்கூடாது.

‘ப்ராம்ப்ட்’: நிரப்புபவரிடம் கேட்கப்படும் கேள்வி. “பெயர்” என்று மட்டும் எழுதாமல், “இப்படத்தை வரைந்தவரின் பெயர்?” என்று முழுமையாக எழுதுங்கள்.

‘டிஃபால்ட்’: ஒன்றும் நிரப்பாவிட்டால் தானாக வரும் மதிப்பு.

மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். நிறுவனத்தின் பெயருக்கு டிஃபால்ட் வைக்கலாம். தாள் அளவுக்கு வைக்கலாம். ஆனால் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர், தேதி, எறிய முறை ஆகியவற்றுக்கு வைக்கவே கூடாது. அண்ணன் இவ்விடங்களில் மூன்று கோடுகள் மட்டும் வைக்கச் சொன்னார். நிரப்பாமல் விட்டால் கோடுகளே அச்சில் வரும். பார்ப்பவர் உடனே கேட்பார். நிரப்பாத இடம் நிரப்பாததுபோல் தெரிய வேண்டும். பழைய பெயர் அங்கே இருந்தால், நிரப்பியதுபோல் தோன்றிவிடும்.

கோப்பின் பெயர் போன்றவற்றை ‘ஃபீல்டு’ என்ற வசதியால் கணினியே நிரப்பும்படி செய்யலாம். மிகவும் பயனுள்ளது. ஆனால் வெளியீட்டுத் தேதியை அச்சிடும் தேதியோடு இணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தேதி மாறும். மூன்று ஆண்டுக்கு முந்திய படம் இன்று வெளியிட்டதுபோல் காட்டும். வெளியீட்டுத் தேதியைக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

படி 5: புளோக்காக்கிச் சேமித்தல்

கோடுகள், எழுத்துகள், பண்புக்கூறுகள் அனைத்தையும் ‘கிரியேட் புளோக்’ கட்டளையால் ஒரே பொருளாக்குங்கள். அடிப்படைப் புள்ளியாகச் சட்டகத்தின் வலப்பக்கக் கீழ் மூலையைக் கொடுங்கள். பண்புக்கூறுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி தேர்ந்தெடுங்கள். அதே வரிசையில்தான் கேள்விகள் வரும். பிறகு சட்டகத்தோடு கட்டத்தையும் தாளில் செருகி, கோப்பை டி.டபிள்யூ.டி. வகை வார்ப்புருவாகச் சேமியுங்கள். புதிய படத்தை எப்போதும் இவ்வார்ப்புருவிலிருந்தே தொடங்குங்கள். பழைய படத்தைத் திறந்து வேறு பெயரில் சேமிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

செருகிய புளோக்கை ‘எக்ஸ்புளோட்’ செய்யாதீர்கள். செய்தால் நீங்கள் நிரப்பிய விவரங்கள் மறைந்து, டேக் பெயர்கள் மட்டும் தெரியும். பின்னாளில் கட்டத்தில் புதிய பண்புக்கூறு ஒன்றைச் சேர்த்தால், ஏற்கெனவே செருகியவற்றில் அது தானாகத் தோன்றாது. பண்புக்கூறு மேலாளரில் உள்ள ‘சிங்க்’ பொத்தானை அழுத்த வேண்டும்.

ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றைப் பயன்படுத்துவோருக்கும் இதே கொள்கைதான். கட்டளைகளின் பெயர் மாறும். வெற்று எழுத்தை ஒட்டாமல் விவரத்தோடு இணைப்பது மாறாது.

படி 6: திருத்த அட்டவணை

பட்டறைக்குப் போன படம் மாறினால், கட்டத்தின் மேலே உள்ள திருத்த அட்டவணையில் ஒரு வரி சேர வேண்டும். திருத்த எழுத்து, என்ன மாறியது, யார் மாற்றினார், எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில் ‘ஐ’, ‘ஓ’ ஆகிய இரண்டையும் பலர் தவிர்ப்பர். அவை 1, 0 என்ற எண்களோடு குழம்பும். “சிறு மாற்றம்தானே” என்று எழுத்தை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றினால், ஒரே எண்ணும் ஒரே எழுத்தும் கொண்ட இரண்டு வெவ்வேறு படங்கள் உலவும். அவற்றுள் எது பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மூன்று பெயர்கள்

கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என மூன்று பெயர்களுக்கு இடம் விடுகிறோம். ஒருவரே மூன்றிலும் எழுதிவிட்டால் என்ன என்று மாணவராக இருந்தபோது நானும் கேட்டதுண்டு.

நம் அண்டை நாட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ இயங்கி வந்தது. 1986 மார்ச் 15ஆம் நாள் அது ஒரு நிமிடத்துக்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டனர். கட்டமைப்பைக் கணக்கிட்டபோது கட்டடத்தின் சொந்த எடையையே சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. கட்டடம் எழுந்து நிற்கும்வரை அந்தக் கணக்கை இன்னொருவர் முறையாகப் பார்த்துப் பிடிக்கவில்லை. அதன்பின் 1989இல் சிங்கப்பூரில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவரைச் சாராத, அங்கீகாரம் பெற்ற தனிச் சரிபார்ப்பாளர் கட்டமைப்பைச் சரிபார்க்கும் முறையும் அதோடு வந்தது. ‘சரிபார்த்தவர்’ என்பது இன்னொரு மனிதராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

மலேசியாவிலும் பட்டம் பெற்றவுடனே எல்லா இடத்திலும் கையெழுத்திட முடியாது. 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ், பட்டதாரிகள் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்துகொள்கின்றனர். அதிகாரிகளிடம் சமர்ப்பிக்கும் பொறியியல் படங்களில் கையெழுத்திடும் உரிமை, அனுபவமும் தேர்வும் கடந்து தகுதி பெற்ற நிபுணத்துவப் பொறியாளருக்கே உண்டு. அவர் கையெழுத்திடும்போது அக்கட்டடத்தின் பொறுப்பையும் ஏற்கிறார். நீங்கள் ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் பெயரெழுதும்போது, அளவில் சிறியதானாலும், அதே வகையான பொறுப்பைத்தான் ஏற்கிறீர்கள்.

முடிவுரை

இறுதியாண்டுத் திட்டத்துக்காக இவ்வாண்டு வரைபடம் அச்சிடப் போகும் தம்பி தங்கைகள், அச்சிடும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. எண்ணும் தலைப்பும் இந்தப் படத்துக்கு உரியவைதாமா?
2. அளவுவிகிதம் சாளரத்தில் கொடுத்ததோடு ஒத்திருக்கிறதா? தாள் அளவு உள்ளதா?
3. எறிய முறைக் குறியீடு நான் வரைந்த முறையைத்தான் காட்டுகிறதா?
4. திருத்த எழுத்தும் தேதியும் இன்றைய நிலையைச் சொல்கின்றனவா?
5. ‘வரைந்தவர்’ என்ற இடத்தில் இருப்பது என் பெயர்தானா? ‘சரிபார்த்தவர்’ உண்மையிலேயே பார்த்தாரா?

அந்த 40 தாங்கிகளையும் நிறுவனம் தன் செலவில் மீண்டும் செய்து வாங்கியது. புதிய படத்தை நான்தான் வரைந்தேன். கட்டத்தில் என் பெயரை எழுதி அண்ணனிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வோர் அளவாகப் பென்சிலால் குறியிட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு துளையின் விட்டம் விடுபட்டிருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். திருத்திக் கொடுத்த பிறகுதான் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் தம் பெயரெழுத்துகளைப் போட்டார்.

என் பெயரோடு பட்டறைக்குப் போன முதல் படம் அதுதான். அதன் நகல் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது.